கடுகண்ணாவை இறக்கம்

– கதவ மூடாதீங்க, தங்கையா அண்ணை. அஞ்சு நிமிஷம். சொல்லிட்டுப் போயிருவன்.

– மூடேல்லை, றேமண்ட். காத்துக்கு அடிக்குது. உள்ளுக்கு வாரும். பாமன்கடையில இருக்கிறன் எண்டு ஆர் சொன்னது?

– ஜிந்துப்பிட்டியில விசாரிச்சன். தையல் மெசின் திருத்துறீங்க எண்டாங்க. கொட்டாஞ்சேனையில இருந்து வாறதுக்குள்ள மூண்டு இடத்தில ஐடி கேட்டுட்டாங்க.

– ஓம், இப்ப மெசின்தான். சைக்கிள் நான் தொடுறேல்லை. இதில இரும். மனிசி கோயிலுக்குப் போட்டா, தேத்தண்ணி தர ஆளில்லை.

– நிண்டே சொல்லுறன். இருந்தா வாய் வராது. அண்ணை, பௌஸிட பிரேக்க இளக்கினது நான்.

– ம்.

– எண்பத்தியேழு, கண்டி–கொழும்பு சைக்கிள் ரேஸ். கடுகண்ணாவை மலை இறக்கத்தில அவன் விழுந்தானே. முன் பிரேக் நட்ட நான்தான் இளக்கினன். நீங்க இல்ல.

– நான் இளக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே.

– ஓம், அது... சொறி அண்ணை.

– ஏன் செய்தனீர்?

– அவன் மற்ற டீம். மேட்டில அவனப் பிடிப்பன். இறக்கத்தில ஏலாது. அவன் பயமில்லாம விடுவான், நான் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிறவன். இந்த முறையும் ரெண்டாவதா வந்தா எங்கட டீமையே கலைக்கிறம் எண்டு கொம்பனி சொல்லியிருந்தது. அவன் விழுவான் எண்டு நெனைக்கல்ல அண்ணை, பயந்து கொஞ்சம் மெதுவா போவான் எண்டுதான்... இல்ல. அதுவும் பொய். விழட்டும் எண்டுதான் நெனைச்சன்.

– இடுப்பெலும்பு நொருங்கிப்போச்சு அவனுக்கு.

– வத்தளையில பழக்கட வச்சிருக்கான். கம்பு ஊண்டித்தான் நடக்கிறான். நேத்து முதல்ல அவனிட்டத்தான் போனன்.

– என்ன சொன்னவன்?

– தோடம்பழம் நிறுத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் தராசையே பாத்தான். பழம் வாங்க வந்த நோனாட்ட பழத்தக் குடுத்து அனுப்பிட்டு, 'போ' எண்டான். அவ்வளவுதான்.

– சரி.

– உங்களுக்குச் செய்தது அதவிட மோசம். சைக்கிள் சங்கத்திட விசாரணை நேரம் பௌஸி ஆஸ்பத்திரியில. நான் எழும்பி நிண்டு, 'எங்கட டீம் மெக்கானிக் தங்கையா ஸ்பேனரோட பௌஸிட சைக்கிளடியில குந்திக்கொண்டிருந்ததக் கண்டன்' எண்டன். நான் ஒண்டும் காணல்ல அண்ணை. சும்மா இட்டுக்கட்டினன். சேர்மன் எழுதிக்கொண்டார். உங்கட முகத்த நான் பாக்கல்ல.

– நான் உம்மைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.

– நீங்க ஒரு சொல் மறுத்துச் சொல்லியிருந்தா நான் அதிலேயே உடைஞ்சிருப்பன்.

– என்னத்தைச் சொல்லுறது.

– தடை போடுவாங்க, வேல போகும், அதோட முடிஞ்சிரும் எண்டு நெனைச்சன். பிறகு போலீஸ் வந்து உங்களக் கொண்டுபோனது...

– பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு ஐடியில கிடந்தது. சைக்கிளிலை கை வைச்சவன் வேறை எதிலை கை வைப்பான் எண்டு கேட்டாங்கள். பதினொரு நாள் உள்ளுக்கு வைச்சிருந்தாங்கள். அதை விடும்.

– அந்தக் கிழமைதான் ரேஸ் வெண்டதுக்குக் கொம்பனியில எனக்குப் பார்ட்டி. கேக் வெட்டினன், அண்ணை.

– ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தனீர். இப்ப என்ன வந்தது?

– என்ன நெஷனல் டீமுக்குக் கோச்சாப் போட்டாங்க. 'நேர்மையான வீரன்' எண்டு பேப்பரில படத்தோட வந்தது. என்ட மனிசி ஐறீன் அத வெட்டி மாதா படத்துக்குக் கீழ ஒட்டினா. அவவுக்கு எல்லாத்தையும் சொன்னன். ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. மூண்டாம் நாள் அந்தத் துண்டக் கிழிச்சு என்ட கையில தந்தா.

– சங்கத்துக்கும் சொல்லிப்போட்டீரோ?

– இண்டைக்குக் காலையில. கடிதம் குடுத்து அந்த ரேஸ் மெடலையும் மேசையில வச்சிட்டு வந்தன். கோச் வேல இல்ல. எனக்கும் இனி ஆயுள் தடைதான். இந்தாங்க, இந்தப் பேப்பர். நீங்க ஒரு கையெழுத்து வச்சாத் தடைப் பட்டியலில உங்கட பேர வெட்டுவாங்க. குற்றமில்லாதவர் எண்டு பத்திரிகைக்கும் குடுப்பாங்க.

– கையெழுத்து வைக்கேலாது, றேமண்ட்.

– என்ன மன்னிக்க வேணாம் அண்ணை. அதுக்கு வரல்ல. அடிக்கிறதெண்டாலும் அடிங்க. கையெழுத்த மட்டும் வைங்க.

– உம்மிலை கோவத்திலை சொல்லேல்லை. இப்பவாவது இரும்.

– இருந்திட்டன்.

– நீர் இட்டுக்கட்டினதெண்டு சொல்லுறீர். நீர் காணாட்டிலும் அது நடந்தது. அண்டைக்குக் காலமை பௌஸி வந்து, எங்களுக்கு மெக்கானிக் இல்லை, ஒருக்காப் பாருங்கோ அண்ணை எண்டு கேட்டவன். அவன்ரை சைக்கிளடியிலை நான் ஸ்பேனரோடைதான் குந்தியிருந்தனான்.

– நான் இளக்கிறதுக்கு முந்தியா?

– நீர் இளக்கினதுக்குப் பிறகு. நட்டு கழருற நிலையிலை நிண்டதை நான் என்ரை விரலாலை தொட்டுப் பாத்தனான். எங்கடை டீம் வெல்லோணும் எண்டு நினைச்சு, அதை இறுக்காமல், 'எல்லாம் சரி, நீ பயமில்லாமல் விடு' எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டு எழும்பி வந்தனான்.