சென்சார் பொய் சொல்லாது

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் படி இறங்குவேன். என் மனைவி சந்திராவுக்கு இது ஒரு வேடிக்கை. ஒருமுறை பண்ருட்டி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து கேஸ் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனேன். அணைந்துதான் இருந்தது. ஆனாலும் பார்த்துவிட வேண்டும், ஐயா. என் வேலை அப்படி.

நிலக்கரிக் கிடங்குக்கு அடியில் ஒரு சுரங்கவழி இருக்கிறது. மேலே மலைமாதிரி குவிந்திருக்கும் பழுப்பு நிலக்கரி, கீழே ஓடும் பெல்ட்டில் விழுந்து வெளியே போகும். இந்தக் கரிக்கு ஒரு குணம். குவித்து வைத்தால் தானாகவே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி என்று உட்காருகிறவன் எழுந்திருக்க மாட்டான். அதனால் உள்ளே மூன்று சென்சார்கள். வாயு அளவு மீறினால் சைரன் அலறும், பெல்ட் நிற்கும், எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். அந்த மூன்றையும் துடைத்துச் சோதித்துப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஒன்பது வருஷமாக, காண்ட்ராக்டில்.

சிலம்பரசன் உள்ளே வேலை செய்யும் ஆட்களுக்கு மேஸ்திரி. நல்ல உழைப்பாளி, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் சென்சார்கள் மேல் பாலிதீன் கவரைப் போட்டுக் கட்டிவிடுவான். நான் அவிழ்ப்பேன். மறுநாள் கட்டியிருப்பான்.

"பெல்ட் நின்னா எங்களத்தான் கேக்குறாங்க. ஒன்னோட பொட்டி சும்மா சும்மா கத்திக்கினு இருக்குது" என்பான்.

கரித்தூள் அடைத்துச் சில சமயம் தவறாக அலறியது உண்மைதான். பத்தில் இரண்டு தடவை இருக்கும். மீதி எட்டை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கவரைப் பற்றி ஆபீஸுக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் டீ நேரத்தில் அந்தக் கவரைக் கொண்டுவந்து பின்னாலிருந்து என் தலையில் மாட்டி, கழுத்தோடு பிடித்துக்கொண்டான். "இப்ப நீ கத்து, கேப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பத்து விநாடி இருக்கும். இதை நீங்கள் பெரிதாக எழுத வேண்டாம். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

நான் நினைத்தது வேறு. ஒரு தடவை உண்மையாக நடந்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும். ஒன்றிரண்டு பேர் போனாலும் பிறகு நூறு பேர் பிழைப்பார்கள். எதிர்த்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மே மாதம் இரண்டாவது வாரம், குவியலின் தெற்கு ஓரம் கனல ஆரம்பித்தது. என் கையிலிருக்கும் சிறிய மீட்டரில் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சுரங்கவழியின் அந்தக் கடைசியில் அவசர ஏணி ஒன்று உண்டு. அதன் மேல்மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள். சிந்திய கரியை அள்ளிவிட்டு வருகிறோம் என்று சிலம்பரசனும் கொளஞ்சிநாதனும் உள்ளேயே இருந்தார்கள். கொளஞ்சிநாதன் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், ஐம்பத்தாறு வயது. தன் மரத்து மாங்காயை உப்பு மிளகாய்த்தூளோடு கொண்டுவந்து எனக்கென்று தனியாக எடுத்துவைப்பார். கவர்கள் கட்டியபடியே இருந்தன. அன்றைக்கு மட்டும் நான் அவிழ்க்கவில்லை. காற்று விசிறியை நிறுத்தினேன். சுரங்கவழி வாசலின் இரும்புக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் சத்தமே இல்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்துக் கதவைத் தட்டினார்கள். பிறகு கடப்பாறையால் நெம்பினார்கள். சிலம்பரசனுக்கு நல்ல பலம். தாழ்ப்பாள் வளைந்து நான்கு விரல் அளவுக்குக் கதவு விலகியது. அந்த இடுக்கில் அவன் வலது கை வெளியே வந்தது. என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அடித்தேன். கையை எடுக்கவில்லை. எலும்பு நொறுங்குவது ஸ்பேனரின் பிடி வழியாகத் தெரியும், ஐயா. நான்காவது அடிக்குப் பிறகு விரல்கள் உள்ளே போய்விட்டன. கதவை முதுகால் அழுத்தி மூடிக்கொண்டேன்.

யார் அடித்தது என்று உள்ளே தெரிந்திருக்காது. கொளஞ்சிநாதன் குரல் கேட்டது. "பதறாத சிலம்பு. நம்ம ராஜ்மோகன் வெளியதான் இருக்குது. அது வந்து தொறக்கும்." அப்புறம் கதவுக்குப் பக்கத்தில் வந்து, "தம்பி, தம்பி" என்றார். குழந்தையை எழுப்புகிற மாதிரி மெதுவாகத்தான் கூப்பிட்டார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இருபத்தாறுக்கு அந்தக் குரலும் நின்றது.

விசிறியைப் போட்டேன். மூடியின் பூட்டைக் கழற்றினேன். வளைந்த தாழ்ப்பாளைத் தட்டி நிமிர்த்தினேன். மாஸ்க் மாட்டிக்கொண்டு உள்ளே போய் நானே இருவரையும் வெளியே இழுத்துப் போட்டுச் சைரனை அழுத்தினேன். இரண்டு முகமும் செக்கச்செவேலென்று இருந்தன. அந்த வாயு அப்படித்தான் செய்யும். கொளஞ்சிநாதனின் வாயிலிருந்த நுரையை என் துண்டால் துடைத்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் கவர்களைப் பார்த்தார்கள். என் நான்கு கடிதங்களையும் படித்தார்கள். கவரைக் கட்டியவனே அதற்குப் பலியானான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிலம்பரசன் மனைவி செவ்வந்தி மட்டும் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூச்சு முட்டி செத்தவருக்கு வெரலு ஏங்க ஒடஞ்சிருக்குது?" மூன்று மாதம் கேட்டாள். பிறகுதான் நீங்கள் காற்றோட்டப் பதிவை எடுத்துப் பார்த்தீர்கள். விசிறி நின்றதும் ஓடியதும் நிமிஷக் கணக்காக அதில் இருந்தது. அழித்திருக்கலாம். பதிவை அழிக்கிறவன் நான் இல்லை.

செய்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதன் பலனையும் எழுத வேண்டும். இந்த மூன்று மாதத்தில் ஒரு சென்சாரிலும் ஒருவரும் கைவைக்கவில்லை. சைரன் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள்.

சைரனை மாதம் ஒருமுறை சோதித்தால் போதும் என்பது விதி. நான் தினமும் அழுத்தினேன். சில நாள் இரண்டு தடவை. உள்ளே வாயு ஒன்றும் இருக்காது. வாசலில் நின்றுகொள்வேன். மூச்சிரைக்க விழுந்தடித்து வெளியே வருவார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். ஒருவரும் சிரிப்பதில்லை.