இடது பக்கத்து இருக்கை

ராத்திரி ஒன்றரை மணி. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிற சாலை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்... வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல். மழை ஓய்ந்திருந்தது. இலைகளிலிருந்து மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சாலையில் ஓர் ஆள் தனியாக ஒரு பந்தயக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

“கோவில்ல உக்காந்துகிட்டுப் புளுகாதீங்கண்ணே,” என்றான் ரமணி. “பந்தயக் காரு நம்ம ஆளு கையில எப்படி வந்துச்சு?”

“சும்மா இரு லா,” என்றார் வீரம்மா அக்கா. “கதை கேட்டாத்தான் முழிச்சிருக்க முடியும்.”

சிவராத்திரி. மூன்றாம் சாமப் பூசைக்கு நேரம் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோவில் மண்டபத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரே ஒரு லாந்தரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் கதையை மேற்கொண்டு சொன்னேன்.

கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தம்புசாமி என் நண்பர். அவருடைய மைத்துனன் கன்னையாவுக்கு நடந்தது இது. முப்பத்திரண்டாம் வருடம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். கன்னையா தோட்டத்துத் துரைக்கு மெக்கானிக். தம்புசாமிக்கு வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா காய்ச்சலில் போய் மூன்று வருடமாகியிருந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு இங்கேயும் ஆளில்லை. ஊரிலும் ஆளில்லை. கார்க் கொட்டகையிலேயே படுக்கை.

துரை அந்தக் காரைச் சீமையிலிருந்து வாங்கி வரவழைத்திருந்தார். அந்த மாதிரியில் மொத்தமே ஐந்து வண்டிதான் கட்டினார்களாம். கூரை கிடையாது. இரண்டே இருக்கை. பச்சைச் சாயத்துக்கு அடியில் ஒன்பது என்ற பழைய பந்தய எண் மங்கலாகத் தெரியும். என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

“அப்ப காலையில வண்டிக்குக் கொல்லைக்குப் போற வேலை இருந்திருக்குமே!” என்றான் ரமணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வண்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. எந்தப் பந்தயம், எந்த வருடம், எத்தனையாம் இடம், எல்லாம் அதில் இருந்தது. தம்புசாமிதான் அதைக் கன்னையாவுக்குப் படித்துச் சொன்னார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் இரண்டு பெயர். ஓட்டுபவர் ஒருவர். இடது பக்கம் உட்காரும் மெக்கானிக் ஒருவர். அந்த மெக்கானிக்குக்கு இரண்டு வேலை. பெட்ரோல் டாங்கி பின்னால், தாழ்வாக இருக்கும். அதற்குள் கைப்பம்பால் காற்றடித்துக்கொண்டே இருந்தால்தான் பெட்ரோல் என்ஜினுக்கு ஏறும். அது ஒன்று. இன்னொன்று, பின்னால் பார்ப்பது. என்ஜின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் ஓட்டுபவரின் முழங்காலில் தட்டுவார். ஒரு தட்டு என்றால், பின்னால் வண்டி வருகிறது. இரண்டு தட்டு என்றால், ஒதுங்கு.

முதல் ஆறு பந்தயங்களில் நான்கு கோப்பை. ஏழாவதில் மெக்கானிக் இரண்டு முறை தட்டினார். ஓட்டியவர் ஒதுங்கவில்லை. பின்னால் வந்தது மோதியது. மெக்கானிக் தூக்கி எறியப்பட்டு அங்கேயே இறந்தார். அதன் பிறகு அந்த இருக்கையில் ஓட்டுபவர் யாரையும் உட்காரவிடவில்லை. மூன்று பந்தயம் தனியாக ஓட்டினார். மூன்றிலும் வண்டி பாதியில் நின்றது.

அன்று ராத்திரிக்கு வருவோம். கோலாலம்பூருக்கு வடக்கே கார்களுக்கான மலையேற்றப் பந்தயம். விடியற்காலை ஆறு மணிக்கு வண்டி சோதனைத் திடலில் நிற்க வேண்டும். துரை முன்னாலேயே போய்விட்டார். போகும்போது கன்னையாவிடம் சொன்னது ஒன்றுதான். வண்டி வராவிட்டால் அடுத்த கப்பலில் நீ.

என்ஜினைப் பூட்டி முடிக்கவே நள்ளிரவாகிவிட்டது. பம்பு அடிக்க வர வேண்டிய நாகையா குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். வேறு ஆளில்லை. கன்னையா தனியாகவே கிளம்பினான்.

வலது கையால் ஸ்டியரிங். இடது கையை எட்டி நீட்டிப் பம்பு. நாலு அடி அடித்தால் வண்டி சாலையைவிட்டு விலகும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் டாங்கியில் காற்று இறங்கும். இரண்டு முறை நின்றுவிட்டது. மூன்றாவது முறை சக்கரம் கால்வாய் ஓரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்... இருட்டில் தவளைச் சத்தம் மட்டும். கன்னையாவுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

“ஏறி உக்காருங்கய்யா. நீங்க அடிங்க. நான் ஓட்டுறேன்.”

“ஐயோ,” என்றார் வீரம்மா அக்கா. “ராத்திரியில ஆளில்லாத எடத்தப் பாத்து வான்னு சொல்லலாமா?”

அவன் சொல்லிவிட்டான். வண்டியைக் கிளப்பினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

டாங்கிக் காற்றைக் காட்டும் முள் இறங்கவில்லை.

சொய்க்... சொய்க்... சொய்க்... பக்கத்தில் அந்தச் சத்தம். நிதானமாக, பழகிய கை அடிப்பதுபோல. கன்னையா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை என்றுதான் தம்புசாமியிடம் சொன்னான்.

பத்து தீகா என்ற ஊர் தாண்டியது. சாலை நேராக நீண்டது. அப்போது... முழங்காலில் ஒரு தட்டு.

பின்னால் பார்த்தான். விளக்கு இல்லை. சத்தம் இல்லை. வெறும் சாலை.

இரண்டு தட்டு.

அவன் ஒதுங்கினான். ஓரமாக, மெதுவாக, வழிவிட்டு. எதுவும் போகவில்லை. ஆனால் வலது பக்கம் கன்னத்தில் காற்று அறைந்தது. சூடான காற்று. கருகிய விளக்கெண்ணெய் வாசனை. அவன் வண்டியின் வாசனை பின்னால் போகும்... இது முன்னாலிருந்து வந்தது.

மூன்றேகால் மணிக்கு வண்டி திடலில் நின்றது. என்ஜினை அணைத்தான். அணைத்த பிறகும் ஒரு முறை, சொய்க். அவ்வளவுதான். அவனுடைய காக்கிக் கால்சட்டையில், இடது முழங்காலில், எண்ணெயில் நாலு விரல் தடம். தன் கைதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வீரம்மா அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “கூப்பிட்டா அனுப்பி வைக்கணும். சாமியையே மலையேத்தித்தானே விடுறோம். போயிட்டு வாங்கன்னு சொன்னானா?”

தம்புசாமியும் அதையேதான் கேட்டார். அதற்குக் கன்னையா சொன்னது இதுதான்.

“அக்கா போனதுக்கப்புறம் எம்பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து வந்தது அந்த ராத்திரிதான் மச்சான்... எப்படிப் போன்னு சொல்லுவேன்?”

விடிந்ததும் நடந்த பந்தயத்தில் துரை வண்டியைத் தனியாக ஏற்றினார். பாதி மலையில் டாங்கியில் காற்று இறங்கி நின்றது. அடுத்த மாதமே சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கன்னையாவைக் கப்பலேற்றவில்லை. இப்போது இங்கேதான், பிரிக்பீல்ட்ஸில், லோரி ஓட்டுகிறான்.

“அப்ப வண்டியோட அதுவும் சிங்கப்பூர் போயிருக்கும்,” என்றான் ரமணி. சிரிக்கப் பார்த்தான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கன்னையாவும் நானும் இந்தக் கோவில் வாசல் சாலையில் நடந்து போனோம். லேசாகத் தூறல். ஒரு கையில் குடை பிடித்திருந்தான். நான் அவனுக்கு இடப்பக்கம் போனேன். “இந்தப் பக்கம் வாங்கண்ணே,” என்று என்னை வலப்பக்கம் மாற்றிக்கொண்டான். ரயில் பாலத்துக்குக் கீழே வந்ததும் சட்டென்று நின்றான். இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான்.

“யாருக்கு வழி விடுறே கன்னையா?”

சாலையில் முன்னும் பின்னும் யாருமில்லை. விளக்கெண்ணெய் வாசனை வந்தது.

ஒரு கையில் குடை. ஒரு கை என் முழங்கையில். அன்றுதான் அவன் வெளுத்து உடுத்திய வெள்ளை வேட்டி. இடது முழங்காலில்... நாலு விரல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிந்தது.