இடது கை முடிச்சு

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவாளர்கள். ஜன்னலோரம் இருந்தவரின் வேட்டியெல்லாம் சருகுத் துணுக்குகள். பிறர் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் கேட்டதை சாமி அப்படியே குடுத்துட்டாரு மச்சான். அதான் தாங்கலை.”

“என்னா கேட்ட?”

“தம்பி வூட்டை வுட்டுப் போவணும்னு. ஒரே வூட்டுல ரெண்டு தறி, தெனம் சண்டை. மலைமேல அந்த இலுப்பை மரத்துல வேண்டிக்கினு பட்டு இழையைக் கட்டிட்டு வந்தேன். ஆடியில கட்டினேன், ஐப்பசியில பம்பாய் மில்லுக்குப் போயிட்டான். ரெண்டு வருசமா ஒரு கார்டு கூட இல்ல.”

“பலிச்சா கட்டினவனேதான் போயி அவுக்கணும்பா.”

“அதுக்குத்தான் இன்னிக்குப் போனேன். காடு முழுக்க எல அடர்ந்து வழியே தெரியலை. காலு பொதையற அளவுக்கு சருகு. எப்படியோ மரத்தைக் கண்டுபுடிச்சி என் இழையை அவுத்தேன். பக்கத்துலயே இன்னொரு இழை. முறுக்கு மாறி இருந்துது. எடது கையால போட்ட முடிச்சு.”

மற்றவர் திரும்பிப் பார்த்தார். “நம்ம தெருவுல எடது கைக்காரன் உன் தம்பி ஒருத்தன்தானே?”

“ஆமா.”

“அவன் என்னா வேண்டிக்கினானோ?”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஜன்னலோரம் இருந்தவர் வேட்டியில் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்து வெளியே போட்டார்.

“தெரியலை மச்சான். அவனுது இன்னும் கட்டினபடியே இருக்குது.”