காலை எடுத்தும் நிக்காத வண்டி

மொதல்லயே சொல்லிடறேன் வக்கீல் சார், நான் அந்த வண்டியில இல்ல. மெட்ராஸுக்கு இன்டர்வியூ போயிருந்தேன். நான் சொல்றதுல பாதி அம்மா சொல்லிக் கேட்டது. அதை அப்படியே எழுதிக்காதீங்க.

இல்ல சார், ஆள் மாறி வரல. வேதகிரிக்கு நீங்கதான் வக்கீல்னு தெரிஞ்சிதான் வந்தேன். ஆமா, செத்தது எங்கப்பா பஞ்சாட்சரம்தான்.

பழைய கார்தான், எங்களுக்குப் புதுசு. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. லாரி ஓட்டிக்கினு இருந்த வேதகிரியைக் கூப்ட்டுக்கினாரு. திருப்புட்குழி கோயில்ல பூஜை போடற வரைக்கும் செருப்புக் காலோட யாரும் உள்ள ஏறக்கூடாதுன்னுட்டாரு. இன்னா மாமா, காருக்குள்ள போறமா கருவறைக்குள்ள போறமான்னு வேதகிரி கிண்டல் பண்ணானாம். அப்புறம் அவனும் வெறுங்காலோடதான் ஏறினான். அப்பா முன்னாடி. அம்மா வேதகிரிக்குப் பின்னாடி.

ஏரிக்கரை இறக்கம் தாண்டி ரோடு சமமானதும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சிக்கீறான். மிதிச்சது மேல வரல. மாமா, நான் காலை எடுத்துட்டேன், வண்டி நிக்கலன்னு கத்தினானாம். அந்த வார்த்தை மட்டும் அம்மாவுக்கு மறக்கல. எதிர்ல பஸ் ஸ்டாப்பு நெறைய ஜனம். வயலுக்குத் திருப்பிட்டான். அங்க பம்புசெட் கொட்டா செவுரு. அப்பா உக்காந்திருந்த பக்கமா மோதிடுச்சி.

அவன் குடிச்சிட்டு பிரேக்குன்னு நெனச்சி மாத்தி மிதிச்சிட்டான்னு அம்மா சொல்லுது. தெனமும் மண்ணை வாரித் தூத்துது. பிரேக் நல்லாதான் கீதுன்னு வண்டியைச் சோதிச்ச ஆபீசர் வேற எழுதிக் குடுத்துட்டாரா, ஊரே அதைப் புடிச்சிக்கிச்சி. அவன் பொண்டாட்டி அம்முலு எங்க வூட்டு வழியா வராம சுத்திக்கினு போவுது சார்.

போன வாரம் அப்பா மூக்குக்கண்ணாடி கார்ல கெடக்குமான்னு, அதை நிறுத்தி வச்சிக்கீற போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பக்கம் நசுங்கிப்போய்க் கீது, நல்லா குனிஞ்சாதான் உள்ள தெரியும். ஆக்ஸிலேட்டருக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவுல ஒரு செருப்பு சொருவிக்கினு கீது. மிதி அழுந்தினபடியே நிக்குது. சீட்டுக்கு அடியில தள்ளி வச்சது இறக்கத்துல நழுவி வந்திருக்கும்.

நான் தொடல சார். ஆபீசரைக் கூட்டிக்கினு போயி, அவரு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. வேதகிரி ஜெயிலுக்குப் போவக்கூடாது.

சாட்சி சொல்றேன் சார். எங்க வேணா சொல்றேன். ஒண்ணுதான் கேக்கணும். அந்தச் செருப்பைக் கோர்ட்டுல காட்டி, இது யாருதுன்னு அம்மாவைக் கேப்பாங்களா? நான் சொன்னா போதாதா?

இல்ல, வேற யாருதாவும் இருக்காது. நேத்து மறுபடியும் போய் டார்ச் அடிச்சிப் பாத்துட்டேன். கட்டைவெரல் வாரு அறுந்து ஊதா நூல்ல தெச்சிருக்கு. அம்மாவுக்கு நான் தெச்சிக் குடுத்தது.