பட்டியலில் இல்லாத விவசாயி சந்திரகாந்தா

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே, சங்க உறுப்பினர்களே, நாற்காலி கிடைக்காமல் மண்டபத்தின் பின்புறம் நின்றுகொண்டிருக்கும் தோட்டத்துச் சகோதரிகளே, தாய் சந்திரகாந்தாவை இழந்து நிற்கும் மகள் விதுஷா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நடராஜாவின் வணக்கம்.

பதினொரு வருடமாக இந்தச் சிறுபயிர்ச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சந்திரகாந்தா அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி தலைவர் கேட்டார். சொல்லத்தான் வந்தேன். ஆனால் என் தலைக்கு மேலே தொங்கும் இந்தப் பதாகையைப் பார்த்ததும் அருவருப்பாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"எமது பயிற்சியில் உருவான முன்மாதிரி விவசாயி" என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். யார் உருவாக்கினார்கள்? எந்தப் பயிற்சியில்? எத்தனையாம் திகதி? மேடையில் இருக்கும் யாராவது சொல்வீர்களா?

நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நான் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவை மூடினார்கள். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த சந்திரகாந்தாவுக்கு வேலை இல்லை. குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஓடைவரை சரிந்து கிடந்த அரை ஏக்கர் தரிசை அவர் துப்புரவாக்கத் தொடங்கினார். முதல் மழையில் விதைத்ததெல்லாம் ஓடையில் போனது. நாங்கள் சிரித்தோம். அவர் வெட்கப்படவில்லை. தனக்கு என்ன தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். அதைக் கற்கப் புறப்பட்டார்.

எப்படிக் கற்றார் தெரியுமா? இதோ முன்வரிசையில் இருக்கும் அப்துல் ஸமத் நானாவைக் கேளுங்கள். மாத்தளையைச் சுற்றி மிளகுக்கொடியை அவரளவு அறிந்தவர் சிலர்தான். ஒரு காலையில் சந்திரகாந்தா அவருடைய தோட்டத்து வாசலில் போய் நின்றார்.

"நானா, ஒரு நாள் வேலை செஞ்சி குடுக்கிறேங்க. கூலி வேணாம். கொடி நடுறத காட்டிக் குடுங்க."

"கூலி வாணாமா? என்ன தங்கச்சி பேசுறீங்க?"

"கூலி அன்னைக்கே முடிஞ்சிருங்க. தொழில் முடியாது."

அடியில் தரையோடு ஓடும் கொடியைத்தான் வெட்டி நட வேண்டும், பக்கவாட்டில் போகும் கிளையை நட்டால் அது மரத்தில் ஏறாது என்று நானா காட்டினார். அன்று மாலை வரை நின்று நானாவின் தோட்டத்தில் களை பிடுங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

பிறகு நாவுல என்ற ஊர். முன்பின் தெரியாத ஒரு சிங்களக் குடும்பத்தில் ஆறு நாள் வயலில் சேறு மிதித்தார். மூன்று தடியைக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, சாய்வில் மட்டம் பார்க்கும் வித்தையை அங்கேதான் கற்றார். வந்ததும் அந்த மட்டத்தில் சாய்வுக்குக் குறுக்கே, மழைநீரையும் மண்ணையும் மறிக்கும் வாய்க்காலாக ஒன்பது காண் வெட்டினார். அடுத்த மழையில் ஒரு கூடை மண்கூட ஓடைக்குப் போகவில்லை! ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கவும், சாணத்தை எருவாக்கவும் இப்படித்தான். கூலிக்குப் பதில் ஒரு தொழில்.

அதே வருடம் நாங்கள் என்ன செய்தோம்? பயிற்சி என்று சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். குளிரூட்டிய மண்டபம். இரண்டு நாள் திரையில் படம் பார்த்தோம். நாற்பது பேரில் ஒருவர் காலிலும் மண் ஒட்டவில்லை. எல்லோருக்கும் சான்றிதழ். என்னுடையதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். திரும்பி வந்த அன்று சந்திரகாந்தா ஆசையோடு ஓடி வந்தார்.

"என்னங்க சொல்லிக் குடுத்தாங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. "சாப்பாடு நல்லா இருந்திச்சி" என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பயிற்சிக்கு அவர் ஏன் வரவில்லை? பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலை எழுதுகிறவன் யார்? நான். மூன்று தடவை அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க தோட்டத்து ஆளு. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்ல. விவசாயின்னு போட ஏலாது" என்றேன்.

"அப்ப அங்க வெளையிறது என்னாங்க?" என்று கேட்டார்.

நான் பதிவேட்டை மூடினேன்.

சென்ற மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரையை விவசாயிகளுக்குக் கொடுக்கச் சுகாதாரப் பரிசோதகர் இந்த மண்டபத்துக்கே வந்தார். பதிவேட்டிலிருந்து அறுபத்து மூன்று பெயர் வாசித்தேன். பாதிப் பேர் வருடக் கணக்கில் சேற்றில் இறங்காதவர்கள். கடைசியாகச் சந்திரகாந்தா முன்னால் வந்தார். "சேத்துல நாந்தாங்க தெனமும் எறங்குறேன்." இவர் விவசாயி என்று சங்கத்தின் கடிதம் ஒன்று போதும், மாத்திரையை இப்போதே தருகிறேன் என்றார் பரிசோதகர். இரண்டு வரிக் கடிதம்! தலைவர் ஊரில் இல்லை, அவர் வரட்டும் என்றேன். தலைவர் வந்தார். "பிறகு பார்ப்போம்" என்றார். பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

சந்திரகாந்தா காலில் வெட்டுக்காயத்தோடு ஓடையோரக் காணில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது!

உயிரோடு இருந்தபோது தர மறுத்த பெயரை, பிணத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். எவ்வளவு அசிங்கம்! அவருடைய மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் சப்பாத்துக்காலோடு நின்று படம் எடுத்தீர்களே அதிகாரி ஐயா, அந்தக் கொடியில் எதை வெட்டி நடுவது என்று அன்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, பிறகு நானா சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் மீது வரும் அருவருப்பைவிட என் மீது வருவது அதிகம்.

தலைவர் கையைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

இன்று காலை விதுஷாவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை மன்னிக்கவில்லை. "அம்மா கத்துக்கிட்டது பத்துப் பேருக்காவது போகணும். அதுக்கு வழி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னது. ஸமத் நானா சம்மதித்துவிட்டார். வரும் ஞாயிறு முதல் சந்திரகாந்தாவின் நிலத்தில் கூடுகிறோம். மண்டபம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு நாள் வேலை செய்கிறவருக்கு ஒரு தொழில். மண்வெட்டியோடு முதல் ஆளாக நான் வருவேன், கற்றுக்கொள்ள.

காணிக்கு உறுதிப் பத்திரம் இருந்தால்தான் உறுப்பினர் என்ற விதியை நான் இனி மதிக்க மாட்டேன். அதற்காக என்னை விலக்க வேண்டுமானால் நாளைக்கு விலக்குங்கள். இன்றைக்குச் செயலாளர் நான்தான்.

பின்னால் நிற்கும் சகோதரிகளே, முன்னால் வாருங்கள். தயங்காதீர்கள், நடுவால் நடந்து வாருங்கள். பதிவேட்டையும் பேனாவையும் திறந்துவிட்டேன்.

உங்கள் பெயர் என்னம்மா?