முப்பதாயிரத்தில் ஒருத்தி

மாண்புமிகு மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, செயலிகள் செய்து குவிக்கும் செல்வங்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் கால் மாற்றி நிற்கும் தோழர்களே! நிமிர்ந்து சொல்ல வேண்டிய வணக்கத்தை இன்று நான் தலைகுனிந்து சொல்கிறேன்.

இந்த ஆண்டின் சிறந்த தளத்தை அறிவிக்க அழைத்தீர்கள். பிளாக்செயினும் செயற்கை நுண்ணறிவும் கைகோத்த தளங்களை எடைபோடுவது என் தொழில். எதை வைத்து எடைபோட்டேன்? எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து! எண்ணிக்கை, எண்ணிக்கை என்று எண்ணி எண்ணியே, எதற்காக எண்ணுகிறோம் என்ற எண்ணத்தையே தொலைத்தேன்.

"சீக்கிரம் அறிவிங்க சார்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்கிறார். பொறுங்கள் ஐயா, அங்கேதான் வருகிறேன்.

ஒரு தளத்தில் ஒரு செயலி. எழுதியதை அவரவர் குரலிலேயே பேசிக் காட்டும். தினமும் ஒருமுறை திறந்தால் டோக்கன் என்னும் மின்காசு பரிசு என்றார்கள். முப்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். காலையில் திறப்பார்கள், பரிசை அள்ளுவார்கள், மூடுவார்கள். ஒரு சொல் எழுதியதில்லை, ஒரு சொல் கேட்டதில்லை. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களில் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள்.

போலிக் கணக்குகளைக் களையச் சொல்லி அந்தப் பட்டியலை என்னிடம் தந்தார்கள். நான் ஒரு சல்லடை செய்தேன். கூட்டத்தோடு ஒத்துப்போகாதது எதுவோ, அது மனிதரல்ல, இயந்திரம் என்று விதி வைத்தேன். சல்லடையில் சிக்கியது ஒரே ஒரு கணக்கு. சில மணி நேரத்தில் முந்நூறு முறை பேசும், சனி ஞாயிறு வாயே திறக்காது. சந்தேகமே இல்லை என்று நீக்கினேன். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பூரித்துப்போனேன், பாவி!

மறுநாள் ஒரு பேருந்து ஓட்டுநர் சீருடையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மனைவி நான்காம் வகுப்பு ஆசிரியை. தொண்டையில் நோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வகுப்பில் அவர் எழுத எழுத, அவர் குரலிலேயே பாடம் நடத்தியது அந்தச் செயலி. பள்ளி நாளில் முந்நூறு முறை, விடுமுறையில் மௌனம். முப்பதாயிரத்தில் உண்மையாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் இயந்திரம் என்றேன்.

அந்த மனிதர் கத்தவில்லை. "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாரம் உட்கார்ந்து பேசிப் பேசி அதுல பதிஞ்சு வச்சா சார். வேற எங்கயும் இல்ல. அதை எடுத்துக் குடுங்க, நாங்க போயிடுறோம்" என்றார்.

எங்கிருந்து எடுப்பேன்? கணக்கை நீக்கினால் குரலும் அழியும், அதுதான் ஏற்பாடு. பிளாக்செயின் என்றால் அழியாத பேரேடு என்று மார்தட்டினோமே, அதில் என்ன இருந்தது? முப்பதாயிரம் பேர் வெறுமனே திறந்து மூடியது இருந்தது! அது யார் நினைத்தாலும் அழியாது. ஆசிரியையின் குரல் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே அவையோரே, கேட்கிறேன். பரிசுக்காக அல்லாமல், தேவைக்காக, இந்த வாரம் இத்தளங்களின் செயலி ஒன்றையாவது பயன்படுத்தியவர் கையை உயர்த்துங்கள். ஒரு கை தெரிகிறது. இல்லை, அந்த அம்மா விசிறிக்கொள்கிறார்.

அப்படியானால் நான் எதை அறிவிக்க? எவரைப் பாராட்ட? பயன்படுத்தும் ஒருவரைக் காட்டுங்கள், அவர் காலடியில் தராசை வைத்து எடைபோடுகிறேன். காட்டும்வரை இந்த மேடையில் பரிசு இல்லை, இருக்கவும் கூடாது! எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா, அடுத்த ஆண்டும் எண்ணிக்கையோடுதான் வருவீர்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். போன வாரம் அந்த ஆசிரியையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு தாளில், "பரவால்ல சார்" என்று எழுதிக் கொடுத்தார். கோபமாகச் சொன்னாரா, கனிவாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. வணக்கம்.