ஐஸ் அறைக் கூரையில் நெத்தலி

கதிரையை நிறைத்துக் கம்பீரமாக வீற்றிருக்கும் எங்கள் மீனவர் சங்கத் தலைவர் பஸ்தியான் சம்மாட்டியார் அவர்களே! பசியையும் என்னையும் பொறுத்துக்கொண்டிருக்கும் பங்குச் சுவாமி அவர்களே! மௌலவி அவர்களே! வெயிலிலே வெந்து வலையிலே வாழ்ந்த பெரியவர்களே! உலையை மூடிவைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மாரே! உங்கள் அத்தனை பேருக்கும் கருவாட்டு அனஸ்தாசியாவின் கைகூப்பிய வணக்கம்.

ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அங்கே என்ன சிரிப்பு, றஹ்மத் உம்மா? ஓம், ஐந்து நிமிடத்தில் நான் மூச்சு மட்டும்தான் விடுவேன்!

எங்கள் மாம்புரி ஊருக்கு மழை முறைக்கும், காற்று கோபிக்கும், மீன் ஏமாற்றும். வெயில் என்றைக்காவது ஏமாற்றியதுண்டா? அந்த வெயிலைக் கரண்ட் ஆக்கலாம், மிஞ்சியதை மின்சார சபைக்கே கொடுக்கலாம் என்று அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது. முதலில் ஐஸ் அறைக்குப் பூட்டுவோம், சரிவந்தால் வீட்டுக்கு வீடு பூட்டுவோம் என்று கூரையிலே பன்னிரண்டு சோலார் தகடுகளை ஏற்றினோம். நடந்தது என்ன? காலையில் ஐஸ் நின்றது, நண்பகலில் கரைந்தது. மீன் நாறியது. தகடு பூட்டிய அருளப்புவின் பெயரும் நாறியது. "பழைய தகட்டைத் தலையில கட்டிட்டான்" என்றீர்கள். அவற்றைக் கழற்றி எறிவதா என்று கை தூக்கத்தான் இன்றைய கூட்டம்.

அந்த அருளப்பு பழுது தேடி எத்தனை பின்னேரம் ஏணி ஏறினான்! ஒருநாள் மூக்கைச் சுளித்தான்.

"அக்கா, மேல கருவாட்டு வாசம் வருதே?"

"மாம்புரியில வேற என்ன தம்பி, மல்லிகைப்பூ வாசமா வரும்?"

சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்பானவர்களே! தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் போனேன். அந்த மூன்று நாளும் ஐஸ் கல்லாக நின்றது! நான் திரும்பினேன், ஐஸ் தண்ணீராகத் திரும்பியது. அன்னம்மாளின் புதுமை என்று தலைவர் மெழுகுதிரி கொளுத்தினார். ஐயா, திரியை அணையுங்கள். அது புதுமை இல்லை. நெத்தலி!

மணல் இல்லை, நாய் இல்லை, கண்ணாடி போல வழுவழுப்பு, அடுப்புப் போலச் சூடு. அப்படி ஓர் இடத்தைக் கண்டால் கருவாடு போடுகிறவளின் கை சும்மா இருக்குமா? விடிய ஏறித் தகடு தகடாகப் பரப்பினேன், பின்னேரம் அருளப்பு வருமுன் அள்ளிக்கொண்டு இறங்கினேன். மீன் குடிக்கிற வெயிலில் தகடும் ஒரு வாய் குடிக்காதா என்று நினைத்தேன். மூன்று நாள் கணக்கு மண்டையில் ஏறியபோதுதான் முழித்தேன்.

றஹ்மத் உம்மா, நீங்கள் சிரிக்கக் கூடாது! "என்னடி புள்ள, இம்புட்டு வெள்ளையாக் காஞ்சிருக்கு?" என்று அந்த நெத்தலியில் இரண்டு கிலோ வாங்கியது யார்?

ஆனால், மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவன் இரண்டு மாதமாகத் தலை குனிந்து நடந்தான். பக்கத்து ஊர் பள்ளிவாசல்துறையில் தகடு பூட்ட இருந்த வேலையும் அவனை விட்டுப் போயிற்று. வெயிலைத் திருடியவள் நான், திட்டு வாங்கியவன் அவன். அருளப்பு தம்பி, தூணுக்குப் பின்னால் ஒளியாதே, எழும்பு! ஊர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

என்ன? சத்தமாகச் சொல்!

"நெத்தலியச் சுமந்துகொண்டே காலமை முழுக்க ஐஸ் அறைய ஓட்டிச்சுதுதானே அக்கா! அப்ப அது நல்ல தகடுதானே!"

கேட்டீர்களா, சபையோரே? கருவாட்டைச் சுமந்தும் கரண்ட் தந்த தகட்டையா கழற்றப் போகிறோம்? தகடு இருக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்! இன்னும் உயர! தலைவர் அவர்களே, ஒரு கை போதும்!

நாளை விடிய நான் மறுபடி கூரை ஏறுவேன், கூடையோடு அல்ல, வாளியோடு. பன்னிரண்டு தகட்டின் செதிலையும் நானே கழுவுவேன். பிறகு பள்ளிவாசல்துறைக்கு நடந்து போய் இதே கதையை அங்கேயும் சொல்வேன். வெயில் குறையாத ஊரில் வாய் குறையாதவளைப் பொறுத்த உங்களுக்கு நன்றி. தாய்மாரே, உலை பொங்குகிறது, ஓடுங்கள். வணக்கம்!